கடைசிப் பந்தியில் உன் ஐயா

என் அன்பு மகனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். என் பாவங்களைக் கேட்டுக் கேட்டே நம் சுவாமிக்குக் காது மந்தமாகிவிட்டது, இன்னும் ஒன்றை ஏன் ஏற்றுவான் என்று விட்டுவிட்டேன். நான் சுகம். உன் ஐயா சுகம் இல்லை. உடம்பைச் சொல்லவில்லை, அது பிறகு வருகிறது.

உன் கடிதம் கிடைத்தது. கொழும்புக் கந்தோர் வேலைக்குப் போன பின் உன் கையெழுத்துக்கூடக் கோட்டுப் போட்டுக்கொண்டு விறைத்து நிற்கிறது. கல்யாணத்தன்று ஐயா நீ அனுப்பிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மாதா கோயிலில் முன் வரிசை வாங்கில் இருக்க வேண்டும், பிடிலைக் கொண்டு வரக் கூடாது, வாசிக்கப் பட்டினத்தில் வேறு ஆளைப் பேசியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ‘இவ்வளவு காலமும் ஊருக்கெல்லாம் வாசித்தவர், இனியாவது ஆறுதலாக இருக்கட்டும்’ என்று கடைசியில் ஒரு வரி. அதை அன்பாகத்தான் எழுதியிருக்கிறாய், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பைக் கொஞ்சம் சுரண்டினால் அடியில் உன் பெண்வீட்டுச் சுண்டிக்குளி தெரிகிறது, ராசா.

நிச்சயத்தன்று நடந்ததை நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். மலாயாவில் ரயில்வேயில் இருந்து பென்சனோடு வந்த உன் மாமனார், வாசலில் வாழை கட்டி, முற்றத்தில் பாண்டுக்காரரை இருத்தி, எங்களை முன் கேற்றால் வரவேற்றார். நீ, நான், என் தமையன், எங்களுக்குப் பின்னால் ஐயா. மண்டபத்தில் கதிரையில் இருந்து பார்த்தால் மூன்று பேர்தான் இருக்கிறோம். நான்காவது ஆள் குசினிப் பக்கத்துச் சின்னப் படலை வாசலால் சுற்றிப் போய், பாண்டுக்காரரின் பாயில் சப்பாணி கட்டி இருந்து, கிளாரினெற் ஊதுகிற பையனுக்குச் சுருதி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் உன் மாமனார் தலைவாழையிலைக்கு முன்னால் நின்று, “எங்கை எங்கடை சம்பந்தியார்?” என்று வீடு முழுக்கத் தேடினார். பின் கோடியில் வாத்தியக்காரருக்குப் போட்ட கடைசிப் பந்தியில் நண்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்த மனிதரைக் கண்டுபிடிக்க ஒரு வேலைக்காரப் பெண் வேண்டியிருந்தது. சம்பந்தி பந்தி மாறிவிட்டார் என்று நான் சொல்லிச் சிரித்தேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. உன் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். உன் மாமனார் நல்ல மனிதர், தானே பின் கோடிக்குப் போய்க் கூப்பிட்டார். உன் ஐயா எச்சில் கையோடு எழும்பி நின்று, “இருக்கட்டுங்க, எனக்கு இங்கதான் பழக்கம்” என்றார். அவர் பணிவு காட்டவும் இல்லை, பகிடி விடவும் இல்லை. முப்பது வருடமாகக் கல்யாண வீடுகளுக்குள் அந்தப் படலையால் போய்வந்த கால்கள் அவரைக் கேட்காமலே கொண்டுபோய் விட்டன.

அந்தக் கால்கள் முதலில் இந்த மண்ணில் எப்படி மிதித்தன என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் பார்த்தேன். நாகபட்டினத்துப் பக்கத்திலிருந்து ஒரு நாடகக் கொம்பனி பாய்மர வத்தையில் வந்து இறங்கியது. ராஜாக்கள், மந்திரிகள், பெண் வேஷம் கட்டுகிற மீசை சிரைத்த ஆண்கள், இவர்களுக்குக் கடைசியில் ஒரு பெட்டியை மார்போடு அணைத்தபடி, கடல் ஒத்துக்கொள்ளாமல் பச்சை முகத்தோடு ஒரு பெடியன். எனக்கு அப்போது வயது பதினாறு, வால் மட்டும்தான் இல்லை. குருநகர்ப் பெண்களுக்கு அவன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அந்த வாரத்துப் பேச்சு. நாடகக் கொட்டகைக்குப் பின்னால் அவன் முகம் கழுவப் போன நேரம் திறந்து பார்த்தேன். பிடில். இவ்வளவுதானா என்று இருந்தது. அண்ணையின் மீன் பறியில் இருந்து ஒரு நண்டை எடுத்து உள்ளே விட்டு மூடிவிட்டேன். அன்று மாலை மேடையில் ராணி அழுகிற கட்டத்தில், உன் ஐயா பெட்டியைத் திறந்தார், நண்டு ராஜாவின் காலடிக்கு ஓடியது. சனம் சிரித்த சிரிப்பில் கொட்டகை ஆடியது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நண்டு ஓட ஓட அதன் நடைக்குப் பிடில் வாசித்தார். நின்றால் நிறுத்தினார், நகர்ந்தால் தொடங்கினார், பக்கவாட்டில் ஓடினால் அதற்கும் ஒரு சங்கதி வைத்திருந்தார். நாடகம் நின்றுவிட்டது, ராணியும் அழுகையை விட்டுவிட்டுப் பார்த்தாள். அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், வில்லைக் கட்டினால் வில்லங்கத்தையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும் என்று.

கொம்பனியில் ராஜா வேஷக்காரருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து, நாடகம் நின்று, மற்றவர்கள் அடுத்த வத்தையில் திரும்பிவிட்டார்கள். இவர் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கத் தங்கினார். அந்த மனிதர் செத்த பிறகும் தங்கிவிட்டார். எங்கள் வீட்டில் நான் அவரைத்தான் கட்டுவேன் என்றபோது பெரியண்ணை சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: “வடக்கத்தியான், கூத்துக்காரன், சுருதிப் பெட்டிக்குப் பிறந்தவன். உவனுக்குப் பின்னாலை ஆர் வந்து நிப்பினம்?” அது வசையில்லை, கேள்வி. சுந்தரம் என்ற பேரில் இருந்தவர் ஞானஸ்நானம் வாங்கிச் சந்தியாப்பிள்ளையாகி, கல்யாண நாளும் வந்தபோது, மாப்பிள்ளை பக்கத்து வாங்கு வெறுமையாக இருந்தது. அக்கரையிலிருந்து தாய் வரவில்லை, மதம் மாறியவனுக்குத் தாய் இல்லை என்று ஒரு தபால் அட்டைதான் வந்தது. அப்போது வெளியில் வாசிக்க வந்திருந்த பாண்டுக்காரர் நான்கு பேரும் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு, வேர்வையோடு உள்ளே வந்து அந்த வாங்கில் இருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்கள்தான் இந்த நாட்டில் அவருக்கு வாய்த்த தகப்பன், தாய்மாமன், தமையன், தம்பி. அவர்கள் எந்தப் பந்தியில் இருந்தார்களோ அந்தப் பந்தியில் மாப்பிள்ளையும் இருந்தார். நானும் கூறைச் சேலையோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். எனக்குப் பசி, முதல் பந்தியில் என் மாமிகள் என்னைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள்.

இதனால்தான் சொல்கிறேன், சுண்டிக்குளியில் உன் ஐயா இடம் மாறி இருக்கவில்லை. அவர் தன் சொந்தக்காரர் பக்கம் இருந்தார்.

அதன் பிறகு அவர் வாசிக்காத இடம் இந்தக் குடாநாட்டில் எது? மாதா கோயில் திருவிழாவில் நின்றுகொண்டு, நாடிக்குக் கீழே பிடிலை வைத்து வாசிப்பார். அங்கிருந்து வந்து பிருடையைத் திருகிச் சுருதியை மாற்றிக்கொண்டு, வண்ணார்பண்ணையில் பாட்டுக் கச்சேரிக்குச் சப்பாணி கட்டி, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பார். அங்கே அவர் திரும்பவும் சுந்தரம். எங்கள் சுவாமிக்கு இது தெரிந்து கூப்பிட்டு விசாரித்தபோது, “பிடிலுக்கு நான் ஞானஸ்நானம் குடுக்கலைங்க சாமி” என்று சொல்லிவிட்டு வந்தார். தபசுகாலத்தில் யேசுவின் பாடுகளைச் சொல்கிற பசான் பாட்டுக்கு அழுகிற வாசிப்பு, கூத்துக்குத் துள்ளுகிற வாசிப்பு, செத்த வீட்டுப் பாண்டில் ஆள் குறைந்தால் கிளாரினெற். யுத்தத்துக்குள் பலாலிப் பட்டாள முகாமில் வெள்ளைக்காரர் ஆடுகிற ஆட்டத்துக்கும் வாசித்தார். முதல் நாள் அவர்கள் சீட்டியடித்துக் காட்டிய மெட்டை மறுநாள் அவர்களே மறக்கும்படி வாசித்துவிட்டு, குசினிக் கதவடியில் தந்த பாணையும் தகரத்து வெண்ணெயையும் உனக்குக் கொண்டுவருவார். நீ அந்த வெண்ணெயைத் தின்றுதான் இங்கிலீஷ் படித்தாய். ஊருக்கு ஒரு பேர், இடத்துக்கு ஓர் இருப்பு. அவர் நாடிக்கீழும் கணுக்காலிலும் இருக்கிற இரண்டு காய்ப்பையும் நீ சின்ன வயதில் விரலால் தடவி, எது பெரிது என்று கேட்பாய். அவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொல்வார்.

யுத்தத்துக்கு முந்தின காலத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது ஊமைப் படக் கொட்டகைதான். திரைக்குக் கீழே, இருட்டில், நிமிர்ந்து பார்த்தபடி. குதிரை ஓடினால் குதிரை, மழை பெய்தால் மழை, கதாநாயகி கடிதம் வாசித்தால் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பிடில் சொல்லும். முன்னுக்கே தெரிந்து வாசிக்கக் கூடாது, படம் நடக்கிற பின்னாலேயே நடக்க வேண்டும் என்பார். பேசும் படம் வந்த முதல் நாள் என்னையும் கூட்டிப் போனார். காசு கொடுத்துக் கதிரையில் இருந்து பார்த்தது அவருக்கு அதுதான் முதல் தடவை. திரையில் யாரோ பாட, கொட்டகையெல்லாம் கை தட்ட, இவர் திரைக்குக் கீழே இருந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும்போது, “நல்லாத்தான் பேசுது” என்றார். அதன் பின் ஒரு வருடத்துக்கு மேல் என் அண்ணையோடு கரையில் கிழிந்த வலை பொத்தினார். பிடில் விரல்களில் நூல் அறுத்து அறுத்து இரத்தம் வரும். நான் எண்ணெய் பூசும்போது, கையை உள்ளே இழுத்துக்கொள்வார். அந்த வருடத்தில் நான் பகிடி விடுவதைக்கூட நிறுத்தியிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

உன் தங்கையைப் பற்றி நாங்கள் உன்னோடு அதிகம் கதைத்ததில்லை. நடை பழகின கையோடு காய்ச்சலில் போனாள், உனக்கு அப்போது ஆறு வயது, உடுவிலில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தோம். பெட்டி வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது, தகப்பன் என்று அவரை முன்னால் நிற்க விட்டார்கள். அவருக்கு நிற்கத் தெரியவில்லை, ராசா. இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியைப் பிடித்தார், விட்டார், முகத்தைத் துடைத்தார். கண்ணீர் வரவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய், பாண்டுக்காரரிடம் பெரிய மேளத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டார். சேமக்காலைக் குழியடி வரைக்கும் அதைச் சுமந்துகொண்டே வந்தார், அப்போதுதான் அழுதார். சனம் ஒரு மாதிரியாகப் பேசியது, தகப்பன் மேளம் காவுறான் எண்டு. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுவிட்டார் என்பதில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது நீ அவரைக் கோட்டுப் போட்டு முன் வாங்கில் இருத்தச் சொல்கிறாய்.

இருத்திப் பார்க்க நானும் முயன்றேன், அதையும் கேள். போன மாதம், உன் கோட்டு வந்த கையோடு, அரியாலையில் ஒரு கல்யாணம். ஒத்திகையாக இருக்கட்டும் என்று கோட்டைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து முன் கதிரையில் இருத்தி, பக்கத்தில் நான் காவல் இருந்தேன். தாலி ஏறும்வரை நன்றாகத்தான் இருந்தார். குனிந்து பார்த்தால் இடது கை விரல்கள் முழங்காலில் ஓடுகின்றன, நாலாவது விரல் மட்டும் ஓடவில்லை. இழுத்து இழுத்து வைக்கிறார், அது மடங்கியபடியே நிற்கிறது. எவ்வளவு காலமாக என்று அந்தக் கதிரையிலேயே கேட்டேன். “மழைக்காலத்துலேர்ந்து” என்றார். பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். நரம்புச் சங்கதி, மற்ற விரலுக்கும் வரும், கையைச் சும்மா வைத்திருக்கச் சொன்னார்கள். உன் தங்கையின் பெட்டியடியில்கூட அவருக்குச் சும்மா வைத்திருக்கத் தெரியாத கை அது.

உன் கடிதம் வந்த அன்று பாதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். மீதியை அவரே என் முகத்தில் வாசித்துவிட்டார். கோபப்படவில்லை. “அவன் சொல்றது ஞாயம்தான் புள்ள. கோட்டு நல்ல துணி” என்றார். மறுநாள் காலையில் வெளிக்கிட்டு மதியம் வந்தார். மடியில் வெற்றிலை பாக்கு. வல்வெட்டித்துறையில் ஒரு வத்தைக்கார வீட்டில் கல்யாணம், வாசிக்கச் சொல்லி வெற்றிலை வைத்துவிட்டார்கள், நான் வாங்கிவிட்டேன் என்றார். எந்த நாள் என்று கேட்டேன். உன் நாள்.

“இஞ்சருங்கோ, அண்டைக்குத்தானே பெடியன்ரை கலியாணம்?”

“ஓமுங்க” என்றார். இந்த மண்ணின் ‘ஓம்’முக்கும் அந்த மண்ணின் ‘ங்க’வுக்கும் நடுவில்தானே அவர் குடியிருக்கிறார். “நான் வெறுங்கையோட அங்க ஒக்காந்தா, கண்டிப்பா எழுந்திரிச்சுப் போயிடுவேன். பின்னால எங்கயாவது மேளக்காரங்ககிட்டப் போயிடுவேன். புள்ளைக்கு மறுபடி தலைகுனிவு. வேலையாப் போயிருக்காருன்னு சொல்லிடு. அது மரியாதை.”

வாங்கின வெற்றிலையை அவர் ஒருநாளும் திருப்பியதில்லை என்பது உனக்குத் தெரியும். காய்ச்சலோடும் போயிருக்கிறார். அதனால் வியாழக்கிழமை, சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டு நானே வல்வெட்டித்துறைக்குப் பஸ் ஏறினேன். கிழவி வயதில் ஒரு குறும்பு, கடைசிக் குறும்பு என்று வைத்துக்கொள். அந்த வீட்டு மனிசி என்னை இருத்தி, தண்ணி தந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, நாங்கள் மாஸ்டரைக் கூப்பிடேல்லை. அவர்தான் தேடி வந்தவர். அண்டைக்கு எங்கையாவது ஒரு வேலை வேணும் எண்டு கேட்டவர். விரல் ஏலாது எண்டு பாத்த உடனை தெரிஞ்சுது. இல்லையெண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரேல்லை.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை, மகனே. ஒரு காலத்தில் ஒரே நாளில் மூன்று இடத்துக்குக் கூப்பிட்டு, வரவில்லையென்று முகம் திருப்பிய ஊர். அங்கே போய், பெற்ற பிள்ளையின் கல்யாணத்தன்று தங்குவதற்கு ஓர் இடம் கேட்டு நின்றிருக்கிறார்.

வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. அது அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன், ஏனென்றால் அடுத்ததாகக் கொடிகாமம் வரைக்கும் நடந்து கேட்டுக்கொண்டு போவார். அவரை மறிக்க ஒரே வழி, அந்த நாளுக்கு வேறு யாராவது முறையாக வெற்றிலை வைப்பது. அதை நான் வைக்க முடியாது, பெண்சாதி வைத்தால் சிரிப்பார். நீ கடிதத்தில் எழுதினால் கேட்டுவிட்டு ‘புள்ளை மனசு’ என்று மடித்து வைத்துவிடுவார். நீதான் யாழ்தேவி ரயில் ஏறி வந்து, வாசலில் நின்று, கல்யாண வீட்டுக்காரனாக, தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, மாஸ்டர், இன்ன நாளில் இன்ன கோயிலில் வந்து வாசித்துத் தர வேண்டும் என்று கேட்க வேண்டும். பட்டினத்து வாத்தியக்காரரும் வாசிக்கட்டும், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. கோயிலுக்குள்ளே பீடத்தடிக்கு நீங்கள் இரண்டு பேரும் நடக்கிற அந்தச் சின்ன நடைக்கு மட்டும் ஐயா வாசிக்கட்டும். கோட்டைப் போட்டுக்கொண்டே வாசிக்கச் சொல்லு, எனக்கு ஆட்சேபமில்லை. சாப்பாட்டுக்கு அவர் எங்கே போய் இருக்கிறாரோ அங்கே இருக்கட்டும். உன் மாமனாருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், அவர் அன்றைக்கே பின் கோடிக்கு வழி படித்துவிட்டார்.

உனக்கு ஒரு பொய்யும் சொல்லாமல் கேட்கிறேன். அவர் நன்றாக வாசிக்க மாட்டார். முந்தநாள் நான் கிணற்றடியில் நிற்கிறேன் என்று நினைத்து உள்ளே எடுத்து வாசித்துப் பார்த்தார். நல்லாய்த் தொடங்குகிறது, பிறகு அந்த விரல் வர வேண்டிய இடத்தில் வராமல், சுரம் விழுந்து, வில் மட்டும் காற்றில் போகிறது. நிறுத்தி, விரலை மற்றக் கையால் தூக்கி வைத்து, திரும்பத் தொடங்குகிறார். சுண்டிக்குளிச் சனம் முழுக்க இருக்கிற கோயிலில், நீ மூத்த கிளார்க்கர்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிற நாளில், இதுதான் நடக்கும். யாரோ சிரிப்பார்கள். உன் பெண்சாதி உன்னைப் பார்ப்பாள். நான் உன்னிடம் கேட்பது இதைத்தான், வேறு ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வை, நல்ல பிள்ளையென்றால் விளங்கிக்கொள்வாள். விளங்காவிட்டால் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்.

அவர் வாசித்துக்கொண்டிருக்கும் வரை நடவுங்கள். வில் நின்றுவிட்டால், நீங்கள் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஒருவரும் உங்களைத் தள்ளப் போவதில்லை. அவர் விரலை எடுத்து வைத்துத் திரும்பத் தொடங்குவார். அதன் பிறகு நடவுங்கள்.

உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா